பாலையாவை இரண்டு காட்சிகளுக்குள் அடக்கிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய தமிழ்த் திரைப்பட நடிகர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளியாகும் நினைவுக் குறிப்புகளைத் தவறாமல் வாசிப்பவன் நான். அவற்றில் டி.எஸ்.பாலையாவின் பெயர் வரும்போதெல்லாம் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியும் 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதரும் நினைவுகூரப்பட்டு, அத்துடன் குறிப்பு முடிந்துவிடுகிறது. இரண்டும் புகழுக்கு உரியவையே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 1936 தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்த் திரையில் நின்ற ஒருவரை, அவருடைய ஐம்பதாவது வயதை ஒட்டி வந்த இரண்டு வேடங்களைக் கொண்டு மட்டும் அளந்தால், அந்த இரண்டு வேடங்களுமே எங்கிருந்து வந்தன என்பது நமக்கு விளங்காமல் போய்விடும். அதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லவே இக்கடிதம்.

பாலையா 1914 ஆகஸ்ட் 23 அன்று, அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுண்டங்கோட்டையில் பிறந்தவர். இன்று அந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. சிறு வயதிலேயே நாடகத்துக்கு வந்துவிட்டார். அந்தத் தலைமுறை நடிகர்கள் பலருக்கும் பள்ளிக்கூடம், சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிதான். என்.எஸ்.கிருஷ்ணன், எம்.ஜி.ஆர்., பி.யு.சின்னப்பா, எம்.என்.நம்பியார், சிவாஜி கணேசன் என்று ஆளுக்கொரு குழுவில் பாடம் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் பின்னர் தமிழ்த் திரையின் முக்கால் பங்கை நிரப்பினார்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி வசனம் பேசக் குரலைப் பழக்கியது அந்த வாழ்க்கை. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடம் போய்விடும், ராஜபார்ட் என்ற கதாநாயக வேடமும் நிச்சயமில்லை என்ற அச்சத்தோடு வளர்ந்த பிள்ளைகள், கிடைத்த வேடம் எதுவானாலும் அதில் ஊன்றி நிற்கக் கற்றுக்கொண்டார்கள்.

பலரும் சொல்லாமல் விடுகிற இன்னொரு பாடமும் அங்கே இருந்தது. ராஜபார்ட் நடிகர் ஒரு பாட்டை எடுத்து, சபையோர் கேட்டுக்கொண்டபடி மறுபடியும் மறுபடியும் பாடும்போது, உடன் நிற்கும் நடிகர் என்ன செய்வது? பாட்டு அவருக்கு இல்லை, வசனமும் இல்லை. ஆனால் மேடையை விட்டு நகரவும் முடியாது. கைகட்டி மரமாக நிற்பவர்கள் உண்டு. அந்த நேரத்திலும் பாத்திரத்துக்குள்ளேயே நின்று, கேட்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளுக்குள் பதில் வைத்திருக்கிறவர்கள் மிகச் சிலர். பாலையா அந்தச் சிலரில் ஒருவர் என்பதும், பிறர் பேசும்போதும் பாடும்போதும் அவர் செய்ததில்தான் அவருடைய கலையின் உச்சம் இருக்கிறது என்பதும் என் கருத்து.

அவருடைய முதல் படமான 'சதி லீலாவதி' 1936இல் வந்தது. எஸ்.எஸ்.வாசனின் தொடர்கதையைத் தழுவிய, மதுவின் தீமையைச் சொன்ன சமூகப் படம் அது. எம்.ஜி.ஆருக்கும்கூட அதுவே முதல் படம். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது ஒரு காவல்துறை ஆய்வாளரின் சிறிய வேடம். எம்.கே.ராதா ஏற்ற கதாநாயகனைக் குடிக்கு இழுத்துக் குடும்பத்தைக் குலைக்கும் நண்பனாக, கதையையே நகர்த்துகிற வில்லன் வேடம் 21 வயதுப் பாலையாவுக்கு வந்தது. நாடக ஆசிரியராகப் புகழ்பெற்றிருந்த எம்.கந்தசாமி முதலியாருக்கு அந்தப் படத்தில் பெரும் பங்கு உண்டு; கதாநாயகன் ராதா அவருடைய மகன். இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர்.டங்கன். அவருக்குத் தமிழ் தெரியாது. இது வெறும் வேடிக்கைச் செய்தியாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் வேறொன்றும் தோன்றுகிறது. வசனத்தின் பொருளும் நயமும் காதில் ஏறாத ஓர் இயக்குநருக்கு முன்னால் நிற்கும் நடிகரிடம் மிஞ்சுவது முகமும் உடலும் குரலின் ஏற்ற இறக்கமும் மட்டும்தானே? வசன மழைக்கும் பாட்டு மழைக்கும் பேர்போன அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்துறையில், இளம் பாலையாவுக்கு இப்படிப்பட்ட ஒருவர் முதல் இயக்குநராக அமைந்தது நல்ல வாய்ப்பு என்றே நினைக்கிறேன்.

மறு ஆண்டே டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யில் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு எதிராகத் தளபதி ருத்திரசேனனாக வந்தார். பாகவதரின் பாட்டுக்காகவே மக்கள் கொட்டகைக்கு வந்த காலம் அது. அவரோடு வாள் சுழற்றிய வில்லனையும் மக்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்றால் அது சிறிய செய்தி அல்ல. 1940களில் பாலையாவின் பெயர் விளம்பரங்களில் மேல்வரிசையில் இடம்பெறும் பெயராகவே இருந்தது. 1948இல் வந்த 'மோகினி'யில் எம்.ஜி.ஆருக்குச் சமமான முதன்மை வேடம் அவருக்கு. இன்று 'காதலிக்க நேரமில்லை'யின் அப்பாவாக மட்டும் அவரை அறிந்த இளைஞர்களுக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருக்கலாம்.

1949இல் வந்த 'வேலைக்காரி'யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அண்ணாவின் எழுத்து, ஜுபிடர் தயாரிப்பு, ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கம். கடன் கொடுமையால் தந்தையை இழந்து, பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தனாகக் கே.ஆர்.இராமசாமி; கத்தியோடு கிளம்பும் அவனைத் தடுத்து, அறிவைக் கொண்டு பழிவாங்க வழிகாட்டும் நண்பன் மணியாகப் பாலையா. படம் பேசப்பட்டது வசனத்துக்காக. அந்த வசனத்தின் கனல் முழுவதும் இராமசாமியின் வாயில் இருந்தது. நண்பன் கொதித்துக் கொட்டித் தீர்க்கும் வரை பாலையா குறுக்கே புகவே மாட்டார். அவன் மூச்சு வாங்குகிற இடத்துக்காகக் காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய சலிப்போடு தன் பதிலை வைப்பார். நண்பனின் ஆவேசத்தைக் காட்டிலும் இவருடைய நிதானம் பார்ப்பவரின் மனத்தில் ஆழமாக இறங்கும். பகுத்தறிவுப் பிரசாரம் என்று அந்தப் படத்தைப் போற்றியவர்களும் தூற்றியவர்களும் உண்டு. அந்தப் பிரசாரத்தை இரு நண்பர்கள் வீட்டில் பேசிக்கொள்கிற பேச்சாக மாற்றிய நடிகரைப் பற்றி அதிகம் எழுதியவர்கள் இல்லை. அதுவரை பதின்மூன்று ஆண்டுகளாகப் பெரும்பாலும் கயவனாகவே பார்த்துப் பழகிய முகத்தை நல்லவனாக மக்கள் ஏற்றுக்கொண்டதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1950களில் நிலைமை மாறியது. வாள் ஏந்தும் வில்லன் வேடத்துக்கு நம்பியாரும் பி.எஸ்.வீரப்பாவும் வந்துவிட்டார்கள். பாலையாவின் உடலும் பருத்தது. இந்த இடத்தில் பல நடிகர்கள் காணாமல் போனார்கள். பாலையா செய்தது வேறு. வில்லத்தனத்தை விடாமலேயே அதற்குள் ஒரு கோழையையும் ஒரு சபலக்காரனையும் கொண்டுவந்து சேர்த்தார். 'தூக்குத் தூக்கி'யில் (1954) வடநாட்டு வணிகராக, தமிழை வளைத்தும் நெளித்தும் பேசி அவர் செய்யும் காதல் களியாட்டம் ஓர் எடுத்துக்காட்டு. கதைப்படி அவர் இளவரசனின் மனைவியைக் கெடுக்கிறவர். பார்ப்பவருக்கோ கோபம் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்து முடித்த பிறகுதான் அந்த ஆள் எவ்வளவு ஆபத்தானவன் என்பது உறைக்கிறது. 'மதுரை வீர'னின் (1956) நரசப்பனும் அந்த வார்ப்புதான். வடநாட்டார் தமிழ் பேசுவதைக் கேலிப்பொருளாக்கியது இன்றைய கண்ணுக்கு உறுத்தும் என்பதையும் மறுக்கவில்லை.

அடுத்த கட்டம் இயக்குநர் பீம்சிங்கின் படங்களில் தொடங்குகிறது. 'பாகப்பிரிவினை'யில் (1959) மூத்தவர் வைத்தியலிங்கம் பாலையா, இளையவர் சுந்தரலிங்கம் எஸ்.வி.சுப்பையா. நாடகத்திலிருந்து வந்த இரண்டு குணச்சித்திர நடிகர்கள் நேருக்கு நேர் நின்ற படம் அது. மக்கள் நினைவில் தங்கியிருப்பது கை கால் விளங்காத கண்ணையனாக வந்த சிவாஜியும், சிங்கப்பூரிலிருந்து வந்து குடும்பத்தைக் கலைக்கும் எம்.ஆர்.ராதாவும். அது நியாயமே. ஆனால் குடும்பம் உடைவது உண்மையில் நிகழ்வது வைத்தியலிங்கத்தின் முகத்தில். மனைவியின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத மனிதர்; தம்பி மீது பாசமும் குறையாதவர். மனைவி தூபம் போடப் போட, முதலில் எரிச்சல், பிறகு ஐயம், பிறகு தாமே அப்படி நினைத்ததாக ஒரு நம்பிக்கை என்று அவர் படிப்படியாக மாறுவதைப் பெரிதும் வாயைத் திறக்காமலேயே காட்டுகிறார். மறு ஆண்டு 'களத்தூர் கண்ணம்மா'வில் மகனின் காதலைக் குலைக்கும் ஜமீன்தார். கமல்ஹாசன் குழந்தையாக அறிமுகமான படம் என்றே அது இன்று பேசப்படுகிறது.

இந்தப் பின்னணியோடு 1964க்கு வருவோம். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் சின்னமலை எஸ்டேட் விஸ்வநாதனாக நடித்தபோது பாலையாவுக்கு வயது 49. அந்தப் பேய்க்கதைக் காட்சியை நகைச்சுவையின் உச்சம் என்று சொல்லாதவர் இல்லை. அந்தப் பாராட்டு முழுவதும் நாகேஷின் கணக்கில் எழுதப்படுகிறது. கதவு, காலடி, இருட்டு என்று எல்லாவற்றையும் தம் வாயாலும் உடம்பாலும் உண்டாக்கிக் காட்டிய நாகேஷின் திறமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் அந்தக் காட்சியில் நம்மைச் சிரிக்க வைப்பது நாகேஷ் உண்டாக்கும் பயங்கரம் மட்டும் அல்ல. அதை நம்புகிற பாலையாவின் முகமும்தான். அவர் அதை நம்பவில்லையென்றால் நாகேஷ் செய்வது வெறும் சேட்டையாகவே நின்றுவிடும். தம் மகனான நாகேஷ் படம் எடுக்கப்போகிறேன் என்று திரிவதை ஏளனத்தோடு பார்க்கும் பணக்காரத் தகப்பனார், பொழுதுபோக்காகக் கேட்க உட்காருகிறார். சில நொடிகளில் அந்த ஏளனம் கரைகிறது. கண் விரிகிறது, வாய் பாதி திறக்கிறது, தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வருகிறது. எஸ்டேட் முதலாளி, இரண்டு பெண்களுக்குத் தகப்பன், வேலையிலிருந்து ஆளை நீக்குகிற அதிகாரம் உள்ளவர் என்ற அடையாளங்கள் எல்லாம் கழன்று, இருட்டுக்குப் பயப்படுகிற ஒரு சிறுவன் மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கிறான். பேசுவதற்கு வசனம் ஏறக்குறைய இல்லை. இதே கதை 1966இல் இந்தியில் 'பியார் கியே ஜா' என்று வந்தபோது மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் அந்தக் காட்சியைச் செய்தார்கள். இருவருமே தேர்ந்த நடிகர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள், கேட்பவரின் பங்கு எவ்வளவு என்பதைத் தாங்களே உணரலாம்.

ஆசிரியர் அவர்களே, இணையத்தில் இப்போது சுற்றும் துண்டுக் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவது இதனால்தான். நிமிடத்துக்குள் அடக்க வேண்டும் என்ற அவசரத்தில், பேசுகிறவரின் வரிகளை வைத்துக்கொண்டு கேட்கிறவரின் முகத்தை வெட்டிவிடுகிறார்கள். பாலையா போன்ற ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறு இருக்க முடியாது.

ஹேமநாத பாகவதரையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்' 1965 ஜூலையில் வந்தது. பாண்டிய நாட்டுப் பாடகர்களை அறைகூவி அழைக்கும் வடநாட்டுப் பாடகரை, இறைவன் விறகு விற்பவராக வந்து பாடி விரட்டும் கதை, பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் 'விறகு விற்ற படல'மாக இருப்பது. அரசவையில் பாலையா பாடுவதாக வரும் ராகமாலிகையை உண்மையில் பாடியவர் எம்.பாலமுரளிகிருஷ்ணா. அந்த மேதையின் குரலுக்கு வாயசைப்பது எளிய வேலை அல்ல. ஒவ்வொரு சங்கதிக்கும், அதாவது பாட்டின் ஒவ்வொரு நெளிவுக்கும், புருவம், கழுத்து, விரல் என்று ஏதேனும் ஒன்று அசைந்தபடி இருக்க, தம் வித்தையில் தாமே மயங்கிய ஒருவரை அவர் நிறுத்திக் காட்டுகிறார். எல்லோரும் பாராட்டுவது இந்தப் பகுதியைத்தான்.

நான் சொல்ல வருவது அடுத்த பகுதி. இரவில், தாம் தங்கியிருக்கும் இடத்தின் வெளியிலிருந்து ஒரு விறகுக்காரனின் பாட்டு அவர் காதில் விழுகிறது. டி.எம்.சௌந்தரராஜனின் குரலும் சிவாஜியின் நடிப்பும் திரையை நிறைக்கின்றன. அவற்றுக்கு இடையில் பாலையாவின் முகம் வந்து வந்து போகிறது. முதலில் தூக்கம் கலைந்த எரிச்சல். அடுத்து, யார் இது என்ற அலட்சியம் கலந்த ஆர்வம். அதன் பிறகு வருவதுதான் அரிது: நல்ல இசையைக் கேட்கும்போது ஓர் இசைவாணருக்குத் தன்னையறியாமல் உண்டாகும் மகிழ்ச்சி. ஹேமநாதர் அகந்தைக்காரர், ஆனால் போலி அல்ல. பாட்டின் உயர்வை உணரத் தெரிந்தவர். அப்படி உணரத் தெரிந்ததால்தான் அவருடைய தோல்வி அவருக்கே முதலில் தெரிகிறது. மறுநாள் ஹேமநாதரை எதிர்த்துப் பாடவேண்டிய பாண்டிய நாட்டுப் பாடகர் பாணபத்திரர் தம்மைச் சீடனாகக்கூட ஏற்கவில்லை என்று விறகுக்காரன் சொன்னதும், அந்தப் போட்டி என்ற ஒன்றே தேவையில்லாமல் போய்விடுகிறது. வேறு நடிகராக இருந்தால் ஹேமநாதரை நகைப்புக்கு உரிய தோல்வியாளராக்கி அனுப்பியிருப்பார். பாலையா அவருக்கு ஓர் இசைவாணனின் மரியாதையை விட்டுவைத்தார். புராணக் கதையின் நியாயத்துக்கு அது தேவையே இல்லை. அந்த நடிகரின் தாராளம் அது.

மூன்று ஆண்டுகள் கழித்து, அதே நாகராஜன் இயக்கத்தில் 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை. நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி. தவில் வித்வான் முத்துராக்காகப் பாலையா. திரைக்குப் பின்னால் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமனும் பொன்னுசாமியும். தவில்காரரின் தொழிலே கேட்பதுதான். நாதஸ்வரத்தின் அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்பதைக் காதால் முன்னுணர்ந்து கையை வைத்திருக்க வேண்டும். பாலையா அதை நன்கு உணர்ந்து நடித்தார் என்பது, வாசிப்புக் காட்சிகளில் அவருடைய கண் தவிலில் இல்லாமல் நாயனக்காரர் மேலேயே இருப்பதில் தெரியும். சண்முகசுந்தரம் கோபித்தால் இவர் முகம் வாடும். காதலில் குழைந்தால் இவருக்கு உள்ளே சிரிப்பு. காயம்பட்ட பிறகு வாசிக்கும்போது இவர் கண்ணில் நீர். தனக்கென்று ஒரு கதையே இல்லாத பாத்திரம் அது. ஆனால் முத்துராக்கு இல்லையென்றால் சண்முகசுந்தரத்தின் முன்கோபத்தை நாம் பொறுத்துக்கொண்டிருப்போமா என்பது ஐயமே.

இவற்றுக்கு நடுவே 1967இல் கே.பாலசந்தரின் 'பாமா விஜயம்' உண்டு. பக்கத்து வீட்டுக்கு நடிகை குடிவந்ததும் கடன் வாங்கியாவது பகட்டாகத் தோன்றத் துடிக்கும் மூன்று மகன்களின் குடும்பங்களைப் பார்த்துப் பொருமும் பெரியவர். மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் என்று மகன்கள் அனைவரும் விரைந்து பேச, வீட்டுத் தலைவர் மட்டும் வேறொரு தாளத்தில் இயங்குவார். அதே ஆண்டு ஸ்ரீதரின் 'ஊட்டி வரை உறவு'ம் வந்தது.

அவருடைய நடிப்பு மிகை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. சொல்லின் கடைசி எழுத்தை இழுத்து, மூச்சோடு கலந்து தேயவிடும் அந்தக் குரல் பாணி சில படங்களில் தேவையில்லாமலும் வந்திருக்கிறது. ஒரே ஆண்டில் பல படங்களுக்கு ஓடிய நாட்களில் அதுவே அவருக்குக் கைப்பழக்கமாகவும் ஆகிவிட்டது. இதை ஒப்புக்கொள்வதால் அவருடைய மதிப்புக் குறையாது. நாடகத்தின் மிகையைத் திரைக்குக் கொண்டுவந்த எல்லோரிடமும் இந்தக் குறை உண்டு. அமைதியாக இருக்கும் நேரத்தில் அவர்களில் எத்தனை பேரை நம்மால் பார்த்துக்கொண்டே இருக்க முடியும் என்று கேட்டால், பட்டியல் மிகச் சுருங்கிவிடும்.

1972 ஜூலை 22 அன்று, 57ஆம் வயதில் பாலையா மறைந்தார். திரையில் அவர் பெயரைத் தொடர்ந்து சுமந்த அவருடைய மகன் ஜூனியர் பாலையாவும் 2023 நவம்பரில் காலமானார். நேரில் பழகியவர்களின் நினைவுகள் இப்படி ஒவ்வொன்றாக அகல, நமக்கு எஞ்சுவது படங்கள் மட்டுமே. 1930களில் வெளியான தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இன்று பார்க்கவே கிடைப்பதில்லை. எனவே பாலையாவின் முற்பகுதியை அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள், விளம்பரத் தாள்கள், பத்திரிகை விமரிசனங்கள் ஆகியவற்றைக் கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. பழைய நாளிதழ்களின் கட்டுகளைக் காத்து வைத்திருக்கும் தங்களைப் போன்ற நிறுவனங்களால்தான் அது இயலும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இரண்டு. முதலாவது, 1936 முதல் 1950 வரை பாலையாவைப் பற்றி வெளிவந்த விமரிசனங்களையும் விளம்பரங்களையும் தங்கள் ஆவணங்களிலிருந்து தேடி எடுத்து ஒரு ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டும். மற்றொன்று இன்னும் எளியது. வரும் ஆகஸ்ட் 23 அன்று அவருடைய பிறந்தநாள் குறிப்பை வெளியிடும்போது, விஸ்வநாதனோடும் ஹேமநாதரோடும் 'வேலைக்காரி'யின் மணியையும் 'பாகப்பிரிவினை'யின் வைத்தியலிங்கத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். படம் வெளியிட இடம் இருந்தால், பாலையா பேசிக்கொண்டிருக்கும் படத்தை விடுத்து, யாரையோ கேட்டுக்கொண்டிருக்கும் படமாகத் தேர்ந்தெடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்